எந்தக் கருவி மணி அடிக்க வேண்டும்? வீட்டாரின் விருப்பத்தை நிரலுக்குச் சொல்லித்தரும் வழி

ஒரு வீட்டில் மூன்று போன், ஒரு டேப்லெட், ஹாலில் டிவி, அடுக்களையில் ஒரு ஸ்பீக்கர். வளைகுடாவில் இருக்கும் மகன் வீடியோ அழைப்பில் வருகிறான். எது மணி அடிக்க வேண்டும்? இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் எல்லாம் சேர்ந்து கத்தும், இல்லையென்றால் யாருமே இல்லாத அறையில் ஒன்று மட்டும் கத்தும். யார் எங்கே இருக்கிறார்கள், எதில் பேச விரும்புவார்கள் என்று பார்த்துச் சரியான கருவியைத் தானே தேர்ந்தெடுக்கும் ஒரு சின்ன நிரலை எப்படிக் கட்டுவது என்பதுதான் இங்கே விஷயம். கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் கடைசி வருட ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கொஞ்சம் பைதான் தெரிந்தால் போதும்.

கணினி ஒரு மேசையில் உட்கார்ந்திருக்காமல் வீடு முழுக்கப் பரவி, கண்ணில் படாமல் வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை மார்க் வைசர் 1991இல் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார். அவர் அப்போது ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் இருந்தார். கருவிகள் பரவிவிட்டன. கண்ணில் படாமல் இருப்பதுதான் இன்னும் நடக்கவில்லை. ஒவ்வொரு கருவியும் ‘நான் இருக்கிறேன்’ என்று தனித்தனியாக நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இது: ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மதிப்பெண், அதிகம் வாங்கியது ஜெயிக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஒரு வாரத்தில் குழம்பிவிடும். காரணம், மூன்று தனிக் கேள்விகளை ஒரே எண்ணுக்குள் திணிக்கிறார்கள். இந்தக் கருவியால் முடியுமா? இப்போது இதில் செய்யலாமா? இது அவருக்குப் பிடிக்குமா? முதல் இரண்டுக்கும் ஆம், இல்லை என்ற பதில்தான் உண்டு. மூன்றாவதற்கு மட்டுமே மதிப்பெண். கீழே வருவதெல்லாம் இந்தப் பிரிவைக் காப்பாற்றும் வழிகள்தான்.

முதலில் வீட்டை எழுதுங்கள்

நிரலைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டை எடுங்கள். குலசேகரம் பக்கம், ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் பால்வெட்டுக்குப் போகிறவர், இரவு ஒன்பதுக்கெல்லாம் படுத்துவிடுவார். அம்மா மாலை முழுக்க அடுக்களையில். பாட்டிக்குக் கண் மங்கல், பெரிய திரை வேண்டும். மகள் கல்லூரி மாணவி. மூத்தவன் மஸ்கட்டில். அங்கே மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அவன் வேலை முடிந்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு ஆசையாக அழைத்தால் இங்கே பத்தரை.

இந்த ஒரு பத்தியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் ‘எப்போது, எங்கே, எதற்கு, எதில்’ என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். நேரடியாக வீட்டாரிடமே கேளுங்கள். ஆனால் ‘திரை அளவு உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை?’ என்று கேட்காதீர்கள். யாருக்கும் அது தெரியாது, கேட்டதற்காக ஏதோ ஓர் எண்ணைச் சொல்வார்கள். ‘அண்ணன் கூப்பிடுகிறான், உங்கள் கையில் மாவு. டேப்லெட்டா, போனா?’ என்று இரண்டை வைத்துக் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். இரண்டிரண்டாக ஒப்பிட்ட பதில்களிலிருந்து முழு வரிசையைக் கணக்கிட பிராட்லியும் டெர்ரியும் 1952இலேயே ஒரு முறையை வெளியிட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கு உங்களுக்கு உடனே தேவைப்படாது. கேள்வியின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டியிடம் கேட்டால், ‘அந்தப் பெரிய பெட்டியில எடுத்தா போதும் மக்கா’ என்பார். அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் எண்ணாக மாற்றலாம்.

கருவிகளின் கணக்கு

ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு அட்டவணை வேண்டும். மாறாதவை ஒன்றில்: கேமரா உண்டா, மைக் உண்டா, திரை எத்தனை அங்குலம், எந்த அறை. மாறுபவை இன்னொன்றில்: இயங்குகிறதா, பேட்டரி எவ்வளவு, யார் கையில், இப்போது வேறு வேலையில் இருக்கிறதா.

வீட்டு நெட்வொர்க்கில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க எம்.டி.என்.எஸ். என்ற நெறிமுறை இருக்கிறது. கருவிகள் யு.டி.பி. 5353 போர்ட்டில் தங்கள் பெயரையும் சேவையையும் தாங்களே அறிவிக்கும். பைதானில் ஸீரோகான்ஃப் என்ற நூலகம் இதைச் சில வரிகளில் செய்துவிடும். பழைய டிவிகள் சில, எஸ்.எஸ்.டி.பி. என்ற வேறொரு வழியில் 1900 போர்ட்டில் அறிவிக்கும். இரண்டையும் கேட்கவையுங்கள்.

மாறும் நிலையைச் சேகரிக்க, கருவிகள் சின்னச் சின்னச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் எம்.க்யூ.டி.டி. என்ற நெறிமுறை போதும். 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது, அதனால் மெலிந்த நெட்வொர்க்கிலும் ஓடும். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில், செய்திகளை வாங்கிப் பகிரும் மொஸ்கிட்டோ என்ற இலவச ப்ரோக்கரை நிறுவினால் வீட்டுக்கு அது தாராளம். இதில் ‘கடைசி விருப்பம்’ என்ற வசதி ஒன்று உண்டு. ஒரு கருவி சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனால், ‘அது போய்விட்டது’ என்ற செய்தியை ப்ரோக்கரே மற்றவர்களுக்கு அனுப்பும். கறண்ட் அடிக்கடி போகும் ஊரில் இது மிகவும் உதவும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் இடைவெளியை 60 நொடி என்று வைத்தால், ப்ரோக்கர் அதைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 90 நொடி காத்திருந்துதான் ‘செத்தது’ என்று முடிவு கட்டும். அந்த ஒன்றரை நிமிடத்தில் அழைப்பு வந்தால் அணைந்துபோன டிவியைத் தேர்ந்தெடுத்துவிடுவீர்கள். வீட்டுக்குள் 10 நொடி வைத்தால் 15 நொடியில் தெரிந்துவிடும்.

அழைப்பு எங்கிருந்து வரும்? நாம் அன்றாடம் பயன்படுத்தும் அழைப்பு ஆப்கள் வெளி நிரல் ஒன்று உள்ளே புகுந்து அழைப்பை வேறு கருவிக்குத் திருப்ப விடுவதில்லை. எனவே பயிற்சிக்கு, இணைய அழைப்புகளைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஐ.பி. என்ற நெறிமுறை வழியில் போங்கள். அழைப்புகளை இணைக்க ஆஸ்டரிஸ்க் சர்வர், கருவிகளில் லின்ஃபோன் என்ற அழைப்பு ஆப், டிவியோடு ஒரு சின்னக் கணினியும் வெப்கேமும். எந்தக் கருவியை அடிக்கவிடுவது என்று வெளி நிரலைக் கேட்கும் வசதி ஆஸ்டரிஸ்கில் உண்டு. இன்னொரு சுவாரசியம்: 2002இல் வந்த எஸ்.ஐ.பி. வரையறையிலேயே, ஒருவர் பல கருவிகளைப் பதிவு செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை ஒரு முன்னுரிமை எண் கொடுக்க இடம் இருக்கிறது. ஆகவே யோசனை பழையது. அந்த எண் சூழலுக்கேற்ப தானே மாறாது என்பதுதான் குறை, நாம் கட்டுவது அந்தப் பகுதியைத்தான்.

முடியுமா, செய்யலாமா

இந்தப் படியில் மதிப்பெண்ணே கிடையாது. சல்லடை மட்டும்.

வீடியோ அழைப்புக்குக் கேமராவும் திரையும் வேண்டும், ஆகவே அடுக்களை ஸ்பீக்கர் கழிந்தது. கறண்ட் போயிருக்கிறது, ரூட்டர் இன்வெர்ட்டரில் ஓடுகிறது, டிவி அந்த லைனில் இல்லை, ஆகவே டிவி கழிந்தது. போனில் பேட்டரி 5 சதவீதம்தான் மிச்சம், நீண்ட அழைப்புக்கு அதுவும் கழிந்தது. இவை ‘முடியுமா’ விதிகள்.

‘செய்யலாமா’ விதிகள் மனிதர்கள் சொல்பவை. ஹாலில் விருந்தாளிகள் இருந்தால் டிவியில் அழைப்பு வரக்கூடாது. இரவு ஒன்பதுக்கு மேல் அப்பாவின் போன் அடிக்கக்கூடாது. பாட்டி தொடர் பார்த்துக்கொண்டிருந்தால் டிவியைப் பிடுங்கக்கூடாது. இவற்றை மைனஸ் மதிப்பெண்ணாகப் போட்டால் என்ன என்று தோன்றும். போட்டால், என்றைக்காவது மற்ற எல்லாம் நன்றாகப் பொருந்தி, அந்த மைனஸையும் தாண்டி டிவி ஜெயிக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் ஹாலில் உட்கார்ந்திருக்கையில் மகளின் தோழி திரை முழுக்கத் தோன்றுவாள். அதன் பிறகு உங்கள் நிரலை அந்த வீட்டில் யாரும் ஓடவிட மாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு விதி வேண்டும். எந்த விருப்பமும் தடுக்கக் கூடாத செய்திகள் சில உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது நம் மாவட்டத்து மீனவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். குளச்சலிலோ முட்டத்திலோ இருக்கும் ஒரு வீட்டுக்கு இந்த நிரலைக் கட்டினால், புயல், கடல் சீற்ற எச்சரிக்கை வந்தால் எல்லாக் கருவியிலும், எந்நேரமும், தேர்வே இல்லாமல் அடிக்க வேண்டும். விருப்பத்தைக் கணக்கிடும் பகுதிக்கு அந்தச் செய்தி போகவே கூடாது. விதியை நிரலின் முதல் வரியில் வையுங்கள்.

சல்லடையில் எல்லாமே கழிந்துவிட்டால்? தவறிய அழைப்பு என்று ஒரு செய்தியை மட்டும் அம்மாவின் போனில் போட்டுவிட்டு நிறுத்துங்கள். விதியைத் தளர்த்தி ஏதோ ஒன்றை அடிக்கவிடும் புத்திசாலித்தனம் வேண்டாம்.

சூழல்: கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள்

சூழல் என்றதும் எல்லோரும் முதலில் எடுப்பது நேரம்தான். காரணம், அதற்கு சென்சார் தேவையில்லை. இங்கே அது ஏமாற்றும். ‘காலை ஆறு மணிக்கு அப்பா தோட்டத்தில் இருப்பார், அவர் போனில்தான் அடிக்க வேண்டும்’ என்று நிரல் கற்றுக்கொள்கிறது. மரத்துக்கு மழைக்காப்பு கட்டாத தோட்டத்தில் மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது, அப்பா வீட்டில். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. இப்படிப்பட்ட காலைகள் கொஞ்சமாகவா வரும்? நேரம் என்பது அப்பா இருக்கும் இடத்தின் நிழல் மட்டுமே. மழை என்ற ஓர் ஆம்-இல்லை விவரத்தைச் சேர்த்தாலே நிலைமை மாறும். முற்றத்தில் ஒரு மழை சென்சாரை இ.எஸ்.பி.32 என்ற சின்ன வைஃபை பலகையோடு இணைத்தால் போதும்.

மழையால் இன்னொரு விளைவும் உண்டு. தகர ஷீட் போட்ட பின்கட்டில் மழை கொட்டும்போது போன் ஸ்பீக்கரில் பேசுவது யாருக்கும் கேட்காது. ஒலி அளவையும் சூழலில் சேருங்கள். பேச்சைப் பதிவு செய்ய வேண்டாம், மைக்கிலிருந்து ‘சத்தம் அதிகம், நடுத்தரம், குறைவு’ என்ற ஒரு சொல் மட்டும் வெளியே வரட்டும்.

யார் எந்த அறையில் என்று அறிய ப்ளூடூத் சிக்னலின் வலுவைப் பயன்படுத்தலாம். ஆனால் அதை மீட்டர் கணக்காக மாற்ற முயலாதீர்கள். கனத்த கல் சுவர், நடுவில் நிற்கும் ஆள், திறந்த கதவு என்று எல்லாம் அதைக் கலைக்கும். ஒவ்வொரு அறையிலும் ஒரு இ.எஸ்.பி.32 வைத்து, கடைசிப் பத்து அளவீடுகளின் நடு மதிப்பை எடுத்து, எந்த அறையில் வலு அதிகமோ அங்கே இருக்கிறார் என்று கொள்ளுங்கள். அறை தெரிந்தால் போதும், நாற்காலி தெரிய வேண்டாம். போனை ஹாலில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போகிறவர்களை இந்த முறை கண்டுபிடிக்காது. அதற்கு அடுக்களையில் ஓர் அசைவு சென்சார் துணை.

மொத்தத்தில் நேரம், மழை, சத்தம், அறை, யார் உடன் இருக்கிறார்கள், அழைப்பது யார் என்று ஐந்தாறு விவரங்களோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் சேர்த்தால் ஒவ்வொரு சூழலுக்கும் ஓர் உதாரணம்கூடக் கிடைக்காது.

பிடிக்குமா: கணக்கு

இப்போதுதான் மதிப்பெண். சல்லடையில் தப்பிய ஒவ்வொரு கருவிக்கும் சில குணங்களை 0 முதல் 1 வரை அளந்து, ஒவ்வொரு குணத்தையும் அதன் எடையால், அதாவது அது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்ற எண்ணால், பெருக்கிக் கூட்டுவது. 1976இல் கீனியும் ரைஃபாவும் எழுதிய முடிவெடுத்தல் நூலுக்குப் பிறகு இந்த வகைக் கணக்கு எல்லாத் துறைகளிலும் பரவியது. வீட்டு அளவுக்கு எளிய கூட்டல் போதும்.

மாலை ஏழரை. அம்மா அடுக்களையில். மூன்று குணங்கள்: திரை அளவு, அருகில் இருப்பது, தனிமை. அம்மாவின் எடைகள் முறையே 0.4, 0.4, 0.2.

டிவிக்குத் திரை 1.0, அருகு 0.5, தனிமை 0.1. மொத்தம் 0.62.
டேப்லெட் அடுக்களை அலமாரியில்: 0.6, 0.9, 0.6. மொத்தம் 0.72.
போன் இடுப்பில்: 0.3, 1.0, 0.9. மொத்தம் 0.70.

டேப்லெட் முந்துகிறது, ஆனால் வித்தியாசம் 0.02தான். இதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மா இரண்டடி நகர்ந்தால் முடிவு மாறும், அழைப்பு இங்கும் அங்கும் தாவும். வித்தியாசம் 0.1க்குக் குறைவாக இருந்தால் இரண்டையும் அடிக்கவிடுங்கள், அவர் எடுப்பதே பதில். பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் இருக்கும் கருவியிலேயே நிற்கட்டும்.

அதே வீடு, அதே நேரம், பேரப்பிள்ளையைக் காட்ட அழைக்கிறார்கள். எல்லோரும் பார்க்க வேண்டும். எடைகள் 0.7, 0.2, 0.1 ஆகின்றன. கணக்குப் போட்டால் டிவி 0.81, டேப்லெட் 0.66, போன் 0.50. கருவிகளின் குணம் ஒன்றும் மாறவில்லை, எடை மட்டும் மாறியது. விருப்பத்தை ‘அம்மாவுக்கு டேப்லெட் பிடிக்கும்’ என்று கருவியின் பெயரில் சேமிக்காமல் எடையாகச் சேமிப்பதன் லாபம் இங்கேதான். நாளைக்குப் புது டேப்லெட் வாங்கினாலும் எடைகள் அப்படியே செல்லும்.

எடைகளைச் சூழலோடு கட்டிவைக்க, மனிதர் படித்தால் புரியும் வரிகளாக எழுதுங்கள்:

அழைப்பவர் மகன், உடன் இருப்பவர் பாட்டி என்றால்: 0.7, 0.2, 0.1
சத்தம் அதிகம் என்றால்: ஒலித் தெளிவு என்ற நான்காம் குணம் சேரும்
வேறு எதுவும் இல்லை என்றால்: 0.4, 0.4, 0.2

இரண்டு வரிகள் ஒரே நேரத்தில் பொருந்தினால், அதிக நிபந்தனை உள்ள வரி செல்லும். கடைசி வரி கட்டாயம் இருக்க வேண்டும். முதல் நாளில் நிரலுக்கு ஒன்றுமே தெரியாதபோது அதுதான் ஓடும்.

திருத்தத்திலிருந்து கற்பது

டேப்லெட்டில் அழைப்பை எடுத்த அம்மா, அதை உடனே போனுக்கு மாற்றிக்கொண்டார். இதைவிட நல்ல பாடம் நிரலுக்குக் கிடைக்காது. போனின் குணங்களிலிருந்து டேப்லெட்டின் குணங்களைக் கழியுங்கள்: திரை -0.3, அருகு +0.1, தனிமை +0.3. இதில் பத்தில் ஒரு பங்கைப் பழைய எடைகளோடு கூட்டுங்கள். எடைகள் 0.37, 0.41, 0.23 ஆகின்றன. தவறு நடக்கும்போதெல்லாம் எடைகளைத் திருத்திக் கற்கும் 1950களின் பெர்செப்ட்ரான் யோசனையின் எளிய வடிவம் இது.

மறுபடி கணக்கிட்டால் டேப்லெட் 0.729, போன் 0.728. ஏறக்குறையச் சமம். இன்னொரு முறை அதே திருத்தம் நடந்தால் டேப்லெட் 0.738, போன் 0.756. போன் முந்திவிட்டது. ஒரு தடவை மாற்றியதற்காகத் தலைகீழாகவில்லை, இரண்டு தடவைக்குப் பிறகு மாறியது. அந்தப் ‘பத்தில் ஒரு பங்கு’ என்பதைக் கூட்டினால் நிரல் அவசரக்காரனாகும், குறைத்தால் பிடிவாதக்காரனாகும். எடைகள் எதுவும் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டு, அவ்வப்போது கூட்டல் 1 ஆகும்படி வகுத்துவிடுங்கள்.

எல்லா மாற்றமும் விருப்பத்தால் வருவதில்லை. பேட்டரி தீர்ந்து மாற்றியிருக்கலாம், குழந்தை பிடுங்கியிருக்கலாம். முதல் அரை நிமிடத்துக்குள் நடந்த மாற்றத்தை மட்டும் பாடமாக எடுங்கள். அப்போது பழைய கருவியின் பேட்டரியோ நெட்வொர்க்கோ மோசமாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள், அது ‘முடியுமா’ கேள்வி. அதேபோல, யாரும் எதையும் மாற்றவில்லை என்றால் எல்லோருக்கும் திருப்தி என்று கொண்டாட வேண்டாம். சலித்துப்போய் விட்டிருப்பார்கள். பாட்டிக்கு மாற்றத் தெரியாமலே இருக்கலாம்.

நரம்பு வலையமைப்பு (நியூரல் நெட்வொர்க்) எதையாவது இதில் ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு வரும்? அந்தத் தரவுக்கு மூன்று எடைகளே அதிகம். அதோடு, ‘ஏன் டிவியில் அடித்தது?’ என்று அப்பா கேட்டால், ‘பாட்டி ஹாலில் இருந்தார், அழைத்தது அண்ணன்’ என்று நிரல் ஒரு வரியில் சொல்ல வேண்டும். எடையும் விதியும் இருந்தால் அந்த வரியை எழுதுவது சுலபம். அந்த ‘ஏன்?’ பொத்தானை மறக்காமல் வையுங்கள்.

பலர் ஒரு கருவி

ஹாலில் அம்மாவும் பாட்டியும் சேர்ந்து இருந்தால் யாருடைய எடை? இருவரின் சராசரி என்பது எளிது, ஆனால் ஒருவருக்கு மிகவும் பிடிக்காத கருவிகூட சராசரியில் ஜெயிக்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் இருவரில் குறைவான மதிப்பெண்ணை எடுத்து, அதில் அதிகமானதைத் தேர்ந்தெடுப்பது வீட்டுக்கு ஏற்றது. யாரும் ரொம்பக் கஷ்டப்பட மாட்டார்கள்.

தரவு எங்கே இருக்கும்

ராஸ்பெர்ரி பையில் மட்டும். யார் எந்த அறையில், எப்போது தூங்குகிறார்கள், யார் அழைக்கிறார்கள் என்ற பதிவு ஒரு வீட்டின் அந்தரங்கம். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் சொந்த வீட்டுத் தேவைக்குச் செய்வதைத் தொடாது. ஆனால் ப்ராஜெக்டுக்காக அடுத்தவர் வீட்டில் நிறுவினால் அது சொந்தத் தேவை ஆகாது. எதைச் சேகரிக்கிறீர்கள் என்று தமிழில் எழுதி, எல்லோரிடமும், பாட்டி உட்பட, சம்மதம் வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட பதிவைத் தானே அழிக்கவையுங்கள். எடைகள் இருந்தால் போதும், பழைய பதிவு எதற்கு?

சோதிப்பது

நிரல் முடிவெடுக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும்படி முதல் இரண்டு வாரம் ஓடவிடுங்கள். எந்தக் கருவியில் எடுத்தார்கள் என்று பதியட்டும். முதல் வாரத்தில் கற்று, இரண்டாம் வாரத்தை ஊகித்துப் பாருங்கள்.

ஒப்பிட ஓர் எதிராளி வேண்டும். ‘கடைசியாக எதில் பேசினாரோ அதிலேயே அடி’ என்ற ஒற்றை வரி நிரலை வையுங்கள். அதைத் தோற்கடிப்பது எதிர்பார்ப்பதைவிடக் கஷ்டம், ஏனென்றால் மனிதர்கள் பழக்கத்தில் ஓடுகிறவர்கள். சாதாரண நாட்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். உங்கள் நிரலின் வேலை தெரியும் இடம் கறண்ட் போன மாலை, மழைக் காலை, விருந்தாளி வந்த ஞாயிறு. அந்த நாட்களைத் தனியே பிரித்து எண்ணுங்கள். மொத்தச் சதவீதத்தில் அவை கரைந்துவிடும்.

எல்லாத் தவறும் ஒரே விலை அல்ல. டேப்லெட்டில் அடிக்க வேண்டியது போனில் அடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இரவு பத்தரைக்கு அப்பாவின் தலைமாட்டில் அடித்தால், மூன்று மணிக்கு எழ வேண்டியவரின் தூக்கம் போயிற்று. ரிப்போர்ட்டில் இரண்டு எண்களைத் தனித்தனியே கொடுங்கள்: வீட்டார் கையால் திருத்திய தடவைகள், ‘செய்யலாமா’ விதி மீறிய தடவைகள். இரண்டாவது பூஜ்யமாக இல்லையென்றால் எடைகளைத் தொடாதீர்கள், சல்லடையில் ஓட்டை இருக்கிறது. அனேகமாக டிவி நிலை தாமதமாக வந்திருக்கும், அல்லது யாரோ தன் போனை இன்னொருவர் அறையில் சார்ஜ் போட்டிருப்பார். பதிவில் அந்த அழைப்பின் நேரத்தைப் பிடித்து, அதற்கு முந்தைய ஒன்றரை நிமிடத்தில் வந்த செய்திகளை வரிசையாகப் படித்தால் காரணம் கிடைக்கும்.